அளந்து ஓட்டு!

"வண்டி எவ்வளவு கொடுக்கிறது?"

நம்மவர் இருவர் சந்திக்கும்போது, ஒருவர் புதிதாகக் கார் வாங்கியவராக இருந்தால், நலம் விசாரித்த மறுகணமே பிறக்கும் கேள்வி இது. விடையும் தயக்கமின்றி வரும். "இருபதுக்குக் குறையாது" என்பார் ஒருவர். "இருபத்தைந்து அடிக்கிறது" என்பார் இன்னொருவர். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சு வானிலைக்குத் திரும்பிவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் பெட்ரோல் தொட்டியில் போடுவதை மட்டும் அளக்காமலே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கேள்விக்கு உண்மையான விடை காண, 2025ஆம் ஆண்டில் ஆறு மாத காலம் நான் ஒரு காரின் பின்னால் குறிப்பேடும் கையுமாக அலைந்தேன். ஆராய்ச்சி ஆர்வம் மட்டும் அதற்குக் காரணமன்று. ஒரு குடும்பத்தின் மன அமைதி அந்த எண்ணில் அடங்கியிருந்தது.

என் பெரியப்பா மகன் ஜயநகரில் ஒரு சிறிய அச்சகம் நடத்துகிறார். வீடு ஓசூர்ச் சாலையில், சந்தாபுரத்தில். 2024 இறுதியில் ஹைபிரிட் கார் ஒன்று வாங்கினார். அதே அளவுள்ள சாதாரணப் பெட்ரோல் காரைவிட அதன் விலை மூன்று இலட்சம் ரூபாய் கூடுதல். அந்த மூன்று இலட்சமும் அண்ணி பல ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். "நாலே வருடத்தில் பெட்ரோல் மிச்சத்திலேயே எடுத்துத் தந்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் அண்ணன் அதை வாங்கியிருந்தார்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். விடுதிச் சோற்றுக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை கொடுப்பது என் வழக்கம். அன்று சாப்பாட்டில் குறையில்லை, பேச்சுத்தான் இல்லை. கடைசியில் அண்ணியே தொடங்கினார்.

"தம்பி, நீங்கள் படிக்கிற பிள்ளை. இவர் போட்ட கணக்குச் சரியா? இல்லை, என் சீட்டுப் பணம் போனது போனதுதானா? ஒளிக்காமல் சொல்லுங்கள்."

"இருபத்தெட்டு என்று நம்பி வாங்கினேன். பத்தொன்பதுதான் காட்டுகிறது. விற்றுவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார் அண்ணன், தட்டைப் பார்த்தபடியே.

விற்பதானால் இன்னும் இழப்பு. வைத்துக்கொள்வதானால் நாள்தோறும் மனக்கசப்பு. "ஆறு மாதம் பொறுங்கள் அண்ணா. முதலில் அளப்போம்" என்றேன்.

இருபத்தெட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? 2022இல் டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும் நம் பெங்களூருக்கு அருகிலுள்ள பிடதித் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. அவற்றின் ஹைபிரிட் வகைக்குச் சான்றிதழில் குறித்த எண் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அதே ஆண்டில் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டுக்கு 26.5. அண்ணனுடைய கார் எது என்பது இங்கே வேண்டா. இவ்வகைக் கார்கள் எல்லாவற்றின் கதையும் ஏறத்தாழ ஒன்றே.

அந்த எண் பொய்யன்று. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் பிறந்த எண். கார் உருளைகளின்மேல் நிற்கும், சக்கரம் சுழலும், எந்த நொடியில் எந்த வேகம் என்பது முன்பே வகுத்த அட்டவணை. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். குளிரூட்டி ஓடாது. எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க அது நல்ல முறைதான். ஆனால் அந்தத் தராசு சில்க் போர்டு சந்திப்பைக் கண்டதில்லை. 2024ஆம் ஆண்டுக்கான டாம்டாம் போக்குவரத்துக் கணக்குப்படி பெங்களூரில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடமும் 10 வினாடியும் ஆயின. மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்கூட இல்லை. நன்றாக மிதித்தால் சைக்கிளே உடன் வரும்! மேலும் இப்போது நாம் போடும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலப்பில்லாத பெட்ரோலை நோக்க, ஒவ்வொரு லிட்டரிலும் ஆறேழு விழுக்காடு ஆற்றல் தொடக்கத்திலேயே குறைந்துவிடுகிறது.

இனி அளந்த முறையைச் சொல்கிறேன். நீங்களும் செய்து பார்க்கலாம். செலவு ஒரு குறிப்பேடுதான்.

ஒரே பெட்ரோல் பங்க், ஒரே பம்பு. குழாய் தானாக முதல்முறை நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஐம்பது ரூபாய்க்கு" என்று ததும்பத் ததும்ப ஊற்றுதல் ஆகாது. ஓடிய தொலைவையும் ஊற்றிய லிட்டரையும் அப்போதே எழுத வேண்டும். ஒருமுறை நிரப்பியதை வைத்து முடிவு கட்டக் கூடாது. 30 லிட்டர் நிரப்பும்போது ஒரு லிட்டர் கூடக் குறைய நின்றால் பிழை மூன்று விழுக்காட்டைத் தாண்டும். நான்கு முறை நிரப்பி மொத்தத்தைச் சேர்த்தால் அதே ஒரு லிட்டர் 120 லிட்டரில் கரைந்து ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மொத்தத் தொலைவை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். சராசரிகளைச் சராசரி எடுக்கக் கூடாது. போகும் 60 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 30ம், திரும்பும் 60 கிலோமீட்டருக்கு 15ம் கிடைத்தால், சராசரி 22.5 என்று வாய் முந்தும். செலவானதோ 2 லிட்டரும் 4 லிட்டரும் சேர்ந்து 6 லிட்டர். ஓடியது 120. ஆகவே விடை 20. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கிப்போய், "ஆகா, என்ன மைலேஜ்!" என்று வியப்பவர்கள், ஏறித் திரும்பி வந்ததையும் சேர்த்து எழுத வேண்டும். அந்தச் சாலையின் கிலோமீட்டர்க் கற்களைக் கொண்டே எங்கள் கார் காட்டும் தொலைவு சரிதான் என்பதையும் உறுதி செய்துகொண்டோம்.

முதற்கட்டமாக, அண்ணன் வழக்கம்போலவே ஓட்டினார். நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. 2,244 கிலோமீட்டர், 120 லிட்டர், லிட்டருக்கு 18.7. காரின் திரை காட்டியதோ 19.9. ஆகத் திரைக்கும் தொட்டிக்கும் இடையே ஆறு விழுக்காடு வேறுபாடு இருந்தது. திரையை நம்புவோர் இதையும் நினைவில் கொள்க.

இங்கே ஹைபிரிட் காரின் உள்ளியல்பைச் சிறிது சொல்ல வேண்டும். இதைச் செருகி மின்னேற்ற முடியாது. இதில் உள்ள ஆற்றல் எல்லாம் பெட்ரோலிலிருந்து வந்ததே. பேட்டரியும் மிகச் சிறியது. ஹைரைடரில் உள்ளது 0.76 யூனிட் கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலின் வெப்பம் ஏறத்தாழ 9 யூனிட்டுக்குச் சமம் என்றால், முழு பேட்டரியும் ஒரு லிட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பின் எங்கே மிச்சம்? மற்றக் கார்கள் பிரேக்கில் சூடாக்கி வீணடிப்பதை இது மோட்டார் வழியே திரும்பப் பிடித்துக்கொள்கிறது. என்ஜின் திறமையாக ஓடக்கூடிய நேரத்தில் மட்டும் அதை ஓட்டி, மற்ற நேரத்தில் அணைத்துவிடுகிறது. இது சேமிப்புக் கிடங்கன்று; அன்றாடம் போட்டு எடுக்கும் உண்டியல்.

ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அந்த வேகத்தை உண்டாக்கச் செலவான பெட்ரோல் ஏறத்தாழ 12 மில்லிலிட்டர். இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மேல். திடீரென்று பிரேக்கை அழுத்தினால் அந்தக் கரண்டிகளில் பெரும் பகுதி தேய்மானத்தில் சூடாகிப் போகும். முன்கூட்டியே காலை எடுத்து, மெல்ல, நீளமாக அழுத்தினால் பெரும் பகுதி பேட்டரிக்குத் திரும்பும். ஒரு நாளைக்கு எத்தனை சிக்னல், எத்தனை வேகத்தடை! கரண்டி கரண்டியாகக் குடம் நிறையும். கரண்டி கரண்டியாகவே ஒழுகவும் செய்யும்.

இரண்டாம் கட்டத்தில் சில மாற்றங்கள் செய்தோம். டயர்களில் காற்று 33 இருக்க வேண்டும் என்று கதவோரச் சீட்டுச் சொல்லியது, இருந்தது 27. இரு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துச் சரிசெய்தார். டிக்கியில் மாதக்கணக்கில் பயணம் செய்துகொண்டிருந்த அச்சுத்தாள் கட்டுகள் இறங்கின. குளிரூட்டி 20லிருந்து 25க்கு ஏறியது. நம் ஊர்க் காலைக் குளிரில் பல நாள் அதுவும் தேவைப்படவில்லை.

அண்ணனுக்குப் பழைய காரில் ஒரு சிக்கன வழக்கம் இருந்தது. இறக்கம் வந்தால் நியூட்ரலில் தள்ளிவிடுவார். ஹைபிரிட்டில் நியூட்ரல் என்பது உண்டியலின் வாயை அடைப்பதற்குச் சமம், பேட்டரி ஏறாது. இதை விளக்கியதும், "முப்பது வருடப் பழக்கமடா!" என்று சிரித்தார், விட்டும்விட்டார்.

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலையில் 90ஐத் தொட்டவர் 75க்கு இறங்கினார். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவது. 75ஐ நோக்க 90இல் அது 44 விழுக்காடு கூடுதல். பத்துக் கிலோமீட்டரில் அவர் இழந்த நேரமோ எண்பதே வினாடி. அதை நாங்கள் கடிகாரம் வைத்தே பார்த்தோம்.

இந்தக் கட்டத்தின் முடிவு: 2,730 கிலோமீட்டர், 130 லிட்டர், 21.0.

மூன்றாம் கட்டத்தில் ஓட்டும் முறையை அல்ல, ஓடும் நேரத்தை மாற்றினோம். எட்டரைக்குப் புறப்பட்டவர் ஏழுக்கே புறப்பட்டார். நகர்ந்துகொண்டிருக்கும் நெரிசலில் ஹைபிரிட் நன்றாகவே கொடுக்கிறது. அசையாமல் நிற்கும் நெரிசலில்தான் குளிரூட்டி பேட்டரியை உறிஞ்சி, அடிக்கடி என்ஜினை எழுப்பிவிடுகிறது. பால், காய்கறி வாங்க ஒரு கிலோமீட்டர் காரில் போவதும் நின்றது. குளிர்ந்த என்ஜின் தானும் சூடேறி, புகையைத் தூய்மைப்படுத்தும் கருவியையும் சூடேற்றுவதற்குள் கடையே வந்துவிடும். பேட்டரி நிறைந்திருந்தாலும் அது வீணே ஓடும். முடிவு: 2,912 கிலோமீட்டர், 130 லிட்டர், 22.4.

நவம்பர் கடைசியில் குறிப்பேட்டை அண்ணியின் முன் வைத்தேன். மாதம் 1,300 கிலோமீட்டர் ஓட்டம். பெட்ரோல் லிட்டர் 103 ரூபாய். பக்கத்து வீட்டு நண்பரின் அதே அளவுப் பெட்ரோல் காரை அதே சாலையில் அதே முறையில் அளந்ததில் கிடைத்தது 12.5. அதனோடு ஒப்பிட்டால், 28 கிடைத்திருக்குமானால் மூன்று இலட்சம் நாலேகால் ஆண்டில் திரும்பியிருக்கும். 18.7 என்றே இருந்திருந்தால் ஏழு ஆண்டு. இப்போதைய 22.4க்கு ஐந்தேகால் ஆண்டு. ஆண்டுக்கு மிச்சம் ஏறத்தாழ 56,800 ரூபாய்.

அண்ணி வரி வரியாகப் படித்தார். "அப்படியானால் இவர் சொன்னதற்கு மேல் ஒன்றேகால் வருடம். அவ்வளவுதானே? முதலிலேயே ஐந்தேகால் என்று சொல்லியிருந்தாலும் நான் கொடுத்திருப்பேன்" என்றார். கார் விற்கப்படவில்லை. அந்த மாதத்திலிருந்து மிச்சமாகும் தொகையைத் தனியே எடுத்து அண்ணி கையில் கொடுக்கிறார் அண்ணன். குறிப்பேடும் இப்போது அண்ணியிடம்தான் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதம் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு இந்தக் கணக்குக் கைகொடுக்காது. கூடுதல் விலை திரும்புமுன் காருக்கே வயதாகிவிடும். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரம் வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தபின், சுமை இல்லாத நாட்களில் அண்ணனும் சில வேளை அதில் போகிறார். அன்று காரின் மைலேஜ் ஏறுவதில்லை. ஆனால் பெட்ரோலே செலவாவதில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை பொறியாளராகவும் ஆய்வாளராகவும் வெளியேறப் போகிறோம். ஆய்வுக்கூடத்தில் மூன்றாம் தசம இடத்துக்காகச் சண்டையிடும் நாம், வீட்டில் அம்மாவும் அண்ணியும் "உண்மையில் எவ்வளவு?" என்று கேட்கும்போது தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாமா? விளம்பரத்தை அப்படியே நம்புவது எளிது. எல்லாம் ஏமாற்று என்று வைவது அதைவிட எளிது. இரண்டிலும் உழைப்பு இல்லை. ஒரு குறிப்பேடும், ஒரே பம்பும், ஆறு மாதப் பொறுமையும் இருந்தால் உண்மை தானே வந்து நிற்கிறது. அது நாம் விரும்பிய எண்ணாக இராது; ஆனால் அதை நம்பி ஒரு குடும்பம் திட்டமிடலாம்.