காலம் மட்டும் கேட்கும் கருவி

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் என் தங்கை மகன் என்னோடு நான்கு நாள்கள் தங்கினான். மென்பொருள் எழுதுவது அவன் தொழில். ஓய்வுக்கென வந்தவன் கணிப்பொறியை விட்டு எழவேயில்லை. மூன்றாம் நாள் இரவு உணவுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கு இந்த வேலை வராது மாமா, விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்" என்றான். அக்குரல் என்னை உறங்க விடவில்லை. அருகில் அமர்ந்து, நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

கணக்குப் பதிவேடு ஒன்றுக்கான நிரலை அவன் சி மொழியில் எழுதியிருந்தான். ஒவ்வொரு பதிவிலும் முதலில் பெயர், அடுத்துத் தொகை. பெயருக்கு ஒதுக்கிய 32 பைட்டு போதாமையால் 64 ஆக்கினான். அவ்வெண் நிரலுக்குள் இல்லை. நிரலைக் கட்டித் தரும் 'மேக்' என்னும் கருவியின் கட்டளைக் கோப்பில், கம்பைலருக்குத் தரும் குறிப்பாக இருந்தது. எண்ணை மாற்றிக் கருவியை இயக்கினால், செய்வதற்கு ஒன்றுமில்லை என்றது அது. அவனும் நம்பினான். பின்னர் வேறொரு கோப்பில் சிறு திருத்தம் செய்தபோது, அக்கோப்பு மட்டும் புதிய அளவோடு உருவாயிற்று. ஏனைய கோப்புகள் தொகையை 32 பைட்டு தாண்டி வைத்தன; இதுவோ 64 தாண்டித் தேடியது. தொகைகள் யாவும் தாறுமாறாயின. அவனோ பிழையற்ற வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்துத் தன்னையே நொந்துகொண்டிருந்தான்.

மேக் கருவியை 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். அது பிறந்ததும் இத்தகைய துயரத்திலேதான். அவருடைய தோழர் ஸ்டீவ் ஜான்சன், சரியான நிரல் ஒன்றில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதை இழந்தார். பிழையை முன்பே திருத்தியிருந்தார். திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படவில்லை, அவ்வளவே. அந்நிலை இனி நேராதிருக்கவே மேக் வந்தது. 2003-ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் விருதையும் அது ஃபெல்ட்மனுக்குப் பெற்றுத் தந்தது.

ஆனால் அது கேட்பது ஒரே கேள்வி: மூலக்கோப்பு பிந்தியதா, அதிலிருந்து உருவானது பிந்தியதா? மூலம் பிந்தியதாயின் மீண்டும் கட்டும், இல்லையேல் வாளாவிருக்கும். எந்த விதிப்படி நீ உருவானாய் என்று அது கேட்பதில்லை. கட்டளைக் கோப்பையே ஒவ்வொன்றுக்கும் மூலமாகக் குறித்து வைக்கலாம். அப்போது அதில் ஒரு புள்ளி மாறினும் அனைத்தையும் கட்ட வேண்டிவரும். ஆகவே பின்வந்தோர் வேறு வழி கண்டனர். லினக்ஸ் கருநிரலைக் கட்டும் முறையில், உருவாகும் ஒவ்வொரு கோப்பின் அருகிலும் அதை உருவாக்கிய கட்டளை எழுதி வைக்கப்படுகிறது. அடுத்த முறை கட்டளை மாறியிருந்தால் அக்கோப்பு மீண்டும் கட்டப்படும். 'நிஞ்சா' என்னும் கருவியும் கட்டளை மாற்றத்தைத் தன் பதிவேட்டின் துணையால் அறிந்துகொள்கிறது.

இவற்றையெல்லாம் நான் பின்னரே கற்றேன். அன்றிரவு எனக்குத் தோன்றியது ஓர் எளிய வினாவே: "நீ 64 என்று மாற்றியது எல்லாக் கோப்புகளுக்கும் தெரியுமா?" சற்று நேரம் என்னையே பார்த்தான். உருவான கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினான். தொகைகள் சரியாயின. "ஒரு வரியைக்கூட மாற்றவில்லை மாமா" என்று சிரித்தான். ஆறிப்போன சோற்றையும் உண்டான்.

கருவி பொய் சொல்லவில்லை. கேட்கக் கற்றுக்கொண்ட கேள்விக்குச் சரியான விடையே தந்தது. நாமும் நம் மனத்தில் ஒரு விதியை மாற்றிவிட்டு, பழைய விதியில் உருவானவர்கள் தாமாகவே மாறியிருப்பர் என எண்ணிக்கொள்கிறோம். மாறாதது கண்டு அவர்களைக் குறை கூறுகிறோம், அல்லது நம்மையே வெறுக்கிறோம். சொல்ல வேண்டியதைச் சொன்னோமா என்று மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.