ஐம்பத்தைந்து வாற்று

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு வள்ளத்துக்காகக் காத்து நிற்போரின் கைகளில் மரக்கறிப் பைகளும் மருந்துப் பொதிகளும் அம்மன் கோயிலுக்கான பூமாலைகளுமே வழக்கமாகக் காணப்படும். அன்று ஓர் இளைஞனின் மடியில் மட்டும் பொலித்தீனால் இருமுறை சுற்றப்பட்ட கடதாசிப் பெட்டியொன்று இருந்தது. ஆறு மாதங்களாக அவன் ஆராய்ந்து தெரிந்தெடுத்த வரைகலை அட்டை அதனுள் இருந்தது.

கடைத்தெரு வழக்கில் ‘கிராபிக்ஸ் காட்’ எனப்படும் இவ்வட்டையே கணினி விளையாட்டின் காட்சிகளைக் கணந்தோறும் கணக்கிட்டுத் திரையில் வரைவது. செக்கனுக்கு 60 சட்டகங்களை அது வரைந்துவிட்டால் சாதாரணத் திரையொன்றில் ஆட்டம் தடங்கலின்றி ஓடும். அயலவரின் விண்ணப்பங்களையும் பாடசாலை வினாத்தாள்களையும் தட்டச்சுச் செய்து கொடுத்துச் சேர்த்த பணமே அவனுடைய முதல். அப்பணத்தை ஈட்டித் தந்த பழைய கணினியிலேயே அட்டையையும் பொருத்த வேண்டியிருந்தது. கணினி பழுதானால் விளையாட்டோடு தொழிலும் நின்றுவிடும். திருத்துவதற்கோ கடல் கடந்து யாழ்ப்பாணம் செல்ல வேண்டும்.

நடுத்தர விலையில் அவன் முன் நின்றவை மூன்று. 2021 பெப்ரவரியில் வெளிவந்த என்விடியாவின் ஆர்.ரி.எக்ஸ். 3060, 12 கிகாபைற்று நினைவகம் கொண்டது. 170 வாற்று வரை உண்பது. 2023 யூனில் வந்த 4060 அதனினும் விரைவானது, 115 வாற்றோடு அமைவது. ஆனால் நினைவகம் 8 கிகாபைற்றே. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 7600 விலையிற் குறைந்ததெனினும், 8 கிகாபைற்றுக்கு 165 வாற்றுக் கேட்டது. அதனை அவன் விரைவிலேயே கைவிட்டான்.

4060-ஐப் பற்றி விமரிசகர்கள் கூறிய குறை நியாயமானதே. பின்வந்த அட்டையில் முன்வந்ததைக் காட்டிலும் நினைவகத்தைக் குறைத்தமை கஞ்சத்தனமன்றி வேறில்லை. பழைய தாய்ப்பலகையில் அக்குறை மேலும் பெருகும். நினைவகம் நிரம்பி வழியும்போது அட்டை கணினியின் பொது நினைவகத்தை நாடவேண்டும். 4060 பயன்படுத்தும் பாதைகளோ எட்டே. பழைய தலைமுறைப் பலகையில் அப்பாதைகளின் வேகமும் பாதியாகும். ஊர்காவற்றுறையிலிருந்த நண்பன் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி 3060-ஐயே வாங்கச் சொன்னான். பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாணத்தோடு இணைந்த பெருந்தீவில் வாழ்பவனுக்கு அது நல்ல ஆலோசனைதான்.

வீட்டிலோ வேறுவகையான விமரிசனம் எழுந்தது. “உந்தக் காசுக்கு ரெண்டு வலை வாங்கியிருக்கலாம், தம்பி” என்றாள் தாய். கடற்றொழிலாளியான தந்தை நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “உது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?” என்று மட்டும் கேட்டார். வள்ளத்தின் இயந்திரம் குடிக்கும் எண்ணெயைக் கணக்கிட்டே கடலுக்குப் போகும் மனிதர் அவர். குளிரூட்டிய அறையில், விலையுயர்ந்த கணினியில், குறையாத மின்சாரத்தில் அட்டைகளைச் சோதிப்போர் கடைசிப் பக்கத்தில் வைக்கும் வினா அது.

நயினாதீவின் மின்சாரம் நெடுங்காலமாக டீசல் மின்பிறப்பாக்கிகளிலிருந்து வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்திட்டம் 2021 சனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தால் தடைப்பட்டது. பின்னர் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாற்றுச் சூரிய மின்சாரமும் 530 கிலோவாற்றுக் காற்று மின்சாரமும் 2,400 கிலோவாற்று மணிக்கான மின்கலங்களும் அதில் அடங்கும். இரண்டு வல்லரசுகள் போட்டியிட்ட மின்சாரத்தின் மொத்த அளவு இதுவே! இத்தகைய இடத்தில் ஒவ்வொரு வாற்றும் கணக்குக்குரியது.

அவன் கணக்கிட்டான். மின்தடையின்போது கணினியைக் காக்கும் யூ.பி.எஸ். பெட்டியில் 650 என்று எழுதியிருந்தாலும் அது தாங்குவது ஏறத்தாழ 360 வாற்றே. அட்டையொழிந்த கணினிக்கு 120 வாற்று, 3060-க்கு 170. மின்வழங்கியில் வீணாவதையும் திரைக்குரிய 25 வாற்றையும் சேர்த்தால் 366. மின்சாரம் நின்ற கணத்தில் யூ.பி.எஸ்.ஸும் கைவிட்டுவிடும், பாதி தட்டச்சிட்ட விண்ணப்பமொன்று பின்னணியில் திறந்திருந்தால் அதுவும் போகும். 4060 ஆயின் ஏறத்தாழ 301. நாளுக்கு மூன்று மணித்தியாலம் விளையாடினால் மின்கட்டணத்திலும் மாதமொன்றுக்கு ஆறு அலகு வரை மிஞ்சும். காட்சியின் நுணுக்கத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் 8 கிகாபைற்றின் நெருக்கடியையும் சமாளிக்கலாம். மின்பெட்டியின் 360 வாற்றை எவ்வாறு சமாளிப்பது?

4060 வாங்கப்பட்டது. உப்புக்காற்று உலோகத் தொடுகைகளை அரிக்குமாதலால், கணினி கடலோர யன்னலடியிலிருந்து உட்சுவர்ப் பக்கம் மாற்றப்பட்டது. செக்கனுக்கு 60 சட்டகங்களுக்கு மேல் வரையாதபடி எல்லையும் இட்டான்; அதனால் பல ஆட்டங்களில் அட்டை தன் 115 வாற்றையும் கேட்கவில்லை.

முதல் இரவு பாய்க்கப்பலொன்று புயற்கடலில் செல்லும் விளையாட்டை ஓடவிட்டான். பின்னால் கதிரையில் இருந்த தந்தை அலைகளைச் சிறிதுநேரம் உற்றுப் பார்த்தார்.

“காத்து கச்சானெண்டால் உந்தப் பாய் உப்பிடி நிக்காது” என்றார்.

அவ்வேளை மின்சாரம் நின்றது. யூ.பி.எஸ். கூவத் தொடங்கியது, திரை அணையவில்லை. அவன் விளையாட்டை மூடி, அடியிலிருந்த விண்ணப்பத்தைச் சேமித்துவிட்டுக் கணினியை நிறுத்தினான்.