நிதானம் என்றொரு சொல்

நம் தம்பி கோவையில் சிறியதொரு பட்டறை நடத்துகிறான். பிளாஸ்டிக் பொருள்களுக்கான எஃகு அச்சுகளைக் குடைவது தொழில். புதிதாக வாங்கிய ஹை ஃபீட் மில்லிங் கட்டரின் ஆங்கிலக் குறிப்பைத் தொழிலாளர்களுக்காகத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டான். தமிழ் இலக்கியம் கற்றோர்க்கு இது எம்மாத்திரம் என்று இசைந்தோம்.

குறிப்பிலிருந்த ஃபீட் அளவு நம்மை அச்சுறுத்தியது. ஒவ்வொரு பல்லும் ஒரு மில்லிமீட்டர் முன்னேற வேண்டுமாம். எனவே மூலத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தோம்: 'தொடக்கத்தில் நிதானமாகச் செலுத்துக.'

ஒரே வாரத்தில் இன்சர்ட்டுகள் அனைத்தும் முனை மழுங்கின. ஆபரேட்டருக்குக் கைப்பழக்கம் போதாதென்று தம்பி அவரைக் கடிந்துகொண்டான். நாம் அங்கே சென்றபோது, அவர் சட்டைப் பையிலிருந்து நமது தாளை எடுத்து நீட்டினார். "நீங்க எழுதுன மாதிரி மெதுவாத்தானுங்க சார் ஓட்டுனேன்."

தம்பி இரண்டு கட்டர்களை மேசைமேல் வைத்து விளக்கினான். வழக்கமான கட்டரின் வெட்டுமுனை 90 பாகையில் நிமிர்ந்து நிற்கிறது. பல் முன்னேறும் அளவே சீவலின் தடிமன். புதியதிலோ முனை ஏறத்தாழப் படுத்திருக்கிறது. கோணம் 10 பாகைதான். ஆகவே ஒரு மில்லிமீட்டர் முன்னேறினாலும் சீவலின் தடிமன் சுமார் 0.17 மில்லிமீட்டரே. ஆழம் குறைவு, வேகம் மிகுதி. வெட்டுவிசையின் பெரும்பங்கு பக்கவாட்டில் தள்ளாமல் ஸ்பிண்டிலின் அச்சை நோக்கி மேலேறுகிறது. ஆழ்ந்த குழிகளுக்குள் கட்டரை நீட்டிப் பிடித்தாலும் அதிர்வு குறைவதற்கு அதுவே காரணம்.

இதே கட்டரை 0.2 மில்லிமீட்டர் ஃபீடில் ஓட்டினால் சீவல் 0.035 மில்லிமீட்டராக மெலிந்துவிடும். அப்போது முனை எஃகை வெட்டுவதில்லை, தேய்க்கிறது. தேய்ப்பில் வெப்பம் ஏறி முனை கெடுகிறது. நாம் பாதுகாப்பென்று எண்ணிச் சேர்த்த சொல்தான் கருவியைக் கொன்றது.

தம்பியின் முன்னிலையிலேயே ஆபரேட்டரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கூச்சத்துடன், "பரவாயில்லீங்க சார்" என்றார். வகுப்பறையில் நம் சொற்பிழைக்கு எவரும் திட்டு வாங்கியதில்லை. இங்கே ஒருவர் வாங்கியிருந்தார்.

அன்று மாலை தாளைத் திருத்தினோம். 'ஊட்டு வீதம்' என்று நாம் ஆக்கிய சொல்லை அடித்து 'ஃபீட்' என்றே எழுதினோம். நிதானம் பற்றிய வரியை நீக்கி, அவர் சொல்லச் சொல்ல வேறொன்று எழுதினோம்: 'ஃபீடைக் குறைக்காதீர்கள், பயமாக இருந்தால் ஆழத்தைக் குறையுங்கள்.'