சபுராளிகள் கரையேறிய தெருவில் ஒரு நாள்



சிங்கப்பூர் சென்று திரும்பும் நம்மவர்களிடம், "அங்கு என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தைலம் இன்ன விலை, கைக்கடிகாரம் இன்ன விலை என்று விலைப்பட்டியலே பதிலாக வரும். பெட்டி நிறைந்திருக்கும், ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் என் துணைவியாரும் அந்நகரில் ஒரு முழு நாளைக் கடைகளுக்குக் கொடுக்காமல் நடந்தே கழித்தோம். அதற்கொரு காரணம் இருந்தது.

துணைவியாரின் பாட்டனார் ஒரு சபுராளி. மணமுடித்த நாற்பதாம் நாள் கப்பலேறியவர், பதினோர் ஆண்டுகள் கழித்தே ஊர் திரும்பினார். தம் மகளை அவர் முதன்முதலாகக் கண்டபோது அச்சிறுமிக்குப் பத்து வயது. அம்மகள்தான் என் மாமியார். "பள்ளிவாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன், கவலை வேண்டாம்" என்று பாட்டனார் கடிதந்தோறும் எழுதுவாராம். எந்தப் பள்ளி என்று எழுதியதில்லை. அதைத் தேடுவதே எங்கள் அன்றைய பயணம்.

காலையில் டன்லப் தெருவிலுள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்குச் சென்றோம். அதன் முகப்பில் கதிரவன் வடிவில் 25 கதிர்கள்; அவற்றில் 25 நபிமார்களின் திருப்பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து சுல்தான் பள்ளிவாசல். 1932-ல் கட்டி முடிக்கப்பட்ட அதன் பொன்னிறக் குவிமாடத்தின் அடியில் கறுப்பு வளையம் ஒன்று தெரிகிறது. அது ஏழை எளியோர் தந்த கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களால் ஆனது! செல்வர்கள் மட்டுமன்றி எல்லோருக்கும் அப்பணியில் பங்கிருக்க வேண்டுமென்று கருதியிருக்கிறார்கள். எதிரே ஓர் உணவகத்தில் மர்த்தபாவும் தே தாரிக்கும் அருந்திவிட்டு, பூகிஸ் நிலையத்தில் சுரங்க ரயிலேறி, நான்காவது நிலையமான தெலுக் ஆயரில் இறங்கினோம்.

வாசகர்களே, சிங்கப்பூரில் நீங்கள் அவசியம் நடக்க வேண்டிய தெரு இதுவே. முற்காலத்தில் இது கடற்கரை. கப்பலில் வந்த தமிழரும் சீனரும் இங்கேதான் கரையேறினர். பின்னர் கடலைத் தூர்த்துவிட்டதால், இன்று அங்கு நின்றால் அலுவலகக் கோபுரங்களே தெரிகின்றன. 1828-க்கும் 1830-க்கும் இடையே எழுப்பப்பட்ட நாகூர் தர்கா நினைவிடம் அங்குள்ளது. 2011 முதல் அது இந்திய முஸ்லிம்களின் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. அதே தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-ல் கூரைக் குடிசையாகத் தொடங்கியது. அதனால் அதற்குக் 'குச்சுப் பள்ளி' என்று பெயர். குச்சு என்றால் சிறு குடில் என்பது உங்களுக்குத் தெரியும். அயல்நாட்டின் நடுவே நம் வீட்டுச் சொல் ஒன்றைக் கேட்டபோது எங்கள் உள்ளம் நெகிழ்ந்தது. சில நிமிட நடையில், 1826-ல் சூலியா முஸ்லிம்கள் தோற்றுவித்த ஜாமிஆ பள்ளிவாசல். அதே வீதியில் மாரியம்மன் கோயில்.

ஒவ்வொரு பள்ளியின் வாயிலிலும் துணைவியார் நின்று, "இதுவாக இருக்குமோ, மச்சான்?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. எங்கும் இரண்டு ரக்அத் தொழுது, பாட்டனாருக்காகவும் அவருக்காகக் காத்திருந்த பாட்டியாருக்காகவும் துஆச் செய்தோம்.

மாலையில் மரினா விரிகுடாவுக்குச் சென்றோம். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 2010-ல் திறக்கப்பட்ட விடுதியின் மூன்று கோபுரங்கள். அவற்றின் உச்சியில் கப்பல் போன்றதொரு மேடை. அதை அண்ணாந்து பார்த்த துணைவியார், "உம்மம்மா கப்பலைப் பார்த்ததே இல்லை. கப்பல் வந்ததா என்று கேட்டுக்கொண்டே காலத்தைக் கழித்துவிட்டார்" என்றார். அதன்பின் நெடுநேரம் நாங்கள் பேசவில்லை.

பொருள் தேடிச் சென்ற ஆண்களை நினைவூட்டப் பள்ளிவாசல்கள் நிற்கின்றன. காத்திருந்த பெண்களுக்கோ கட்டடம் ஏதுமில்லை. அவர்கள் கதை நம் வீட்டு மூதாட்டிகளின் நாவில் மட்டுமே உள்ளது. எனவே, சகோதர சகோதரிகளே, உங்கள் இல்லத்துப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள்: எந்த ஊர், எந்தத் தெரு, எந்தப் பள்ளி? கேட்டதை எழுதி வையுங்கள். வாய்ப்பமைந்தால் அவ்விடத்திற்குத் தனியே செல்லாமல் உங்கள் துணையையும் அழைத்துச் செல்லுங்கள். நம் பாட்டிமார்களுக்குக் கிட்டாத பயணம் அது.