முதல் தோட்டா

சுட்டு முடித்த துப்பாக்கியை மடித்துத் திறக்கும்போது குழலிலிருந்து கருகிய மருந்தின் வாடை கிளம்பும். டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சில் அது மூக்கில் ஏறினாலே எனக்கு ஊர்த் திண்ணை வந்துவிடும்.

தாத்தாவிடம் இருந்தது இரட்டைக்குழல், 12 போர். கடலைக் கொல்லையில் பன்றி இறங்கும் பருவத்தில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான் அதற்கு வேலை. தேர்தல் அறிவித்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். யார் கேட்டாலும் முதலில் மடித்துத் திறந்து, இரண்டு குழலும் காலி என்று வெளிச்சத்தில் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். பேரனுக்கும் அதே மரியாதை.

ஆனால் என்னை முதலில் சுட வைத்தவர் அவரில்லை, உறவில் ஒரு பெரியவர். எடை குறைந்த ஒற்றைக்குழல், கனத்த தோட்டா, ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. உதை வாங்கி நான் பின்னால் சாய்ந்ததும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தோள்பட்டை கன்றிப்போனது. துப்பாக்கியைத் தொடும் ஆசையே பல வருஷம் வரவில்லை. புதியவர் கையில் இப்படிக் கொடுத்துவிட்டு செல்போனில் படம் எடுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. ஒரே தோட்டாதான், துப்பாக்கி லேசாக இருந்தால் உதை கூடும். சின்ன உடம்புக்கு லேசான துப்பாக்கி என்று கொடுப்பது இரக்கம் போலத் தெரியும், தோளுக்கு அது தண்டனை.

அதனால் அக்கா மகள் "நானும் சுடணும் மாமா" என்று வந்தபோது, மேல்கீழ்க் குழல் வைத்த, மூன்றரை கிலோ கனமுள்ள துப்பாக்கியைத்தான் எடுத்தேன். தோட்டா 24 கிராம். பறக்கும் தட்டைச் சுடும் ஒலிம்பிக் ட்ராப் போட்டிக்கும் அதுதான் அளவு. உள்ளே சுமார் 300 பொடி ஈயக் குண்டுகள்.

ரேஞ்சின் பெயர்ப்பலகையைப் பார்த்து "யாரு மாமா இந்த கர்ணி சிங்?" என்றாள். பிகானேர் மகாராஜா. 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் ட்ராப்பில் வெள்ளி வென்றவர், ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர். 1982 ஆசிய விளையாட்டுக்காக எழுந்த ரேஞ்சுக்கு அவர் பெயர். நம் பக்கத்திலும் 2024இல் பாரிஸில் ட்ராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பம். "அப்போ ராஜா வீட்டு ஆட்டமா?" என்று அவள் கேட்டதற்கு, 2004இல் ஏதென்ஸில் டபுள் ட்ராப்பில் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோரைச் சொன்னேன். அவர் அப்போது ராணுவ அதிகாரி.

தோட்டா போடுமுன் கண்ணைச் சோதிக்க வேண்டும். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி வைத்து, தூரத்து மரத்தை அதன் வழியே பார்க்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னேன். இடது கண்ணை மூடியதும் மரத்தைக் காணவில்லை என்றாள். அவளுக்கு ஆளும் கண் இடது. வலக்கையால் எழுதுகிறவள், வலத்தோள்தான் வசதி என்று வாதாடினாள். நான் விடவில்லை. கண் ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று தொடங்கினால் ஏன் தவறுகிறது என்று தெரியாமலே தவறிக்கொண்டிருப்பார்கள்.

காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. இடத்தோளில் கட்டையை இடைவெளி இல்லாமல் பதித்து, கன்னத்தை அதன்மேல் வைத்து, உடல் பாரத்தை முன்காலுக்குக் கொண்டுவர வைத்தேன். பின்னால் சாய்ந்து நின்றால்தான் உதை ஆளைத் தள்ளும். பயிற்சியாளர் தட்டு வீசும் மெஷினை, தட்டு நேராக விலகிப் போகும்படி நிறுத்தினார். சுண்ணாம்புத் தூளும் கீலும் கலந்து வார்த்த, 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டு அது.

தட்டை விடச் சொல்லி "புல்!" என்றாள். தட்டு போனது. குழல் நுனியிலுள்ள குறிமணியைப் பார்த்து, பார்த்து, சுட்டபோது எட்டாத தூரத்தில் இருந்தது.

"எந்தக் கண்ணை மூடணும் மாமா?"

"எதையும் மூடாதே. குழலை மறந்துடு, தட்டை மட்டும் பார். சுட்ட பிறகும் கை அதோடேயே போகணும்."

ரைஃபிளில் குறிமணிதான் எல்லாம். இங்கே குறிமணியைப் பார்த்த கணம் கை நின்றுவிடும், தட்டு நிற்காது. தாத்தா ஏன் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பறக்கும் எதையும் அவர் சுட்டதில்லை, அதனாலாக இருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு கரும்பொடியாக உதிர்ந்தது. குதிக்கப்போனவள் சட்டென்று நின்றாள். துப்பாக்கியை மடித்துத் திறந்து, குழல் காலி என்று என்னிடம் காட்டினாள். அதன் பிறகுதான் சிரித்தாள். தட்டு உடைந்ததைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

பெட்டியில் பாதித் தோட்டா மிச்சம் இருக்கும்போதே போதும் என்றேன். தோள் களைத்தால் அடுத்த வெடிக்குக் கண் தானாக மூடும், அந்தப் பயம் உடம்பில் தங்கிவிடும். "இன்னும் ரெண்டே ரெண்டு மாமா" என்று கெஞ்சினாள். அடுத்த ஞாயிறு என்று சொல்லிப் பெட்டியை மூடினேன்.