மூன்றா, இருபத்து மூன்றா?

பெரியம்மா மகள் அக்கா கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாங்க. விடுமுறையில் ‘ஆர்’ என்ற கணிப்பொறி மொழியைக் காட்டினாங்க. நியூசிலாந்தில் அதை உருவாக்கிய ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரின் பெயருக்கும் முதல் எழுத்து ‘ஆர்’தான்!

எங்க வகுப்பு 40 பேரும் அரையாண்டு வரை எடுத்த லீவு நாட்களை அதில் நேரே டைப் செய்தேன். கரண்ட் போச்சு. எல்லாமே போச்சு! அழுகை வந்துவிட்டது.

“நோட்பேடில் எழுதி சேவ் பண்ணு, அப்புறம் ஆருக்குக் கொடு” என்றாங்க அக்கா. வேர்டில் எழுதினால் மேற்கோள் குறி வளைந்துவிடும், ஆருக்குப் புரியாதாம். கோப்பின் பெயர் ‘.டிஎக்ஸ்டி’ என்று முடியாமல் ‘.ஆர்’ என்று முடிவதுதான் வழக்கமாம். சின்ன எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்து போட்டாலும் பிழை காட்டும்.

மறுபடி எழுதினேன். சராசரி 3.5 வந்தது. அக்கா கோப்பை என் நோட்டோடு ஒப்பிட்டாங்க. “உனக்கு 3னு இருக்கே, நோட்டில் 23 இல்ல?”

கை தவறவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் நின்ற நாட்கள் அவை. வெட்கப்பட்டுக் குறைத்துவிட்டேன். ஒரே ஒரு எண்ணைத் திருத்தினேன். சராசரி 4 ஆனது.

தோழிகளே, எழுதி வைத்தால் தப்பு தெரியும். தெரிந்தால் திருத்தலாம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி