மண்ணில் கால் வைக்காத பேத்தி

பெங்களூரில் நாலாவது மாடியில் வளரும் குழந்தைக்கு மண் எங்கே கிடைக்கும்? டைல்ஸ் தரை, லிஃப்ட், கார், மறுபடியும் டைல்ஸ் தரை. என் பேத்திக்கு ஒன்றே முக்கால் வயது. தை மாதம் மூன்று வாரம் எங்களோடு இருக்க வந்தாள். கொல்லையில் இறக்கிவிட்டால் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு வீறிட்டு அழுதாள். விரலில் ஒரு பருக்கை ஒட்டினால்கூட, துடைத்துவிடும்வரை கையை நீட்டியபடியே நிற்பாள்.

அங்கே குழந்தை மருத்துவரிடம் கேட்டிருக்கிறார்கள். இந்த வயதில் பல குழந்தைகள் இப்படித்தான், கட்டாயப்படுத்தாமல் மெல்லப் பழக்குங்கள் என்றாராம். ஆனாலும் மருமகளுக்கு மனசு ஆறவில்லை. "ஆபீஸ், ஆபீஸ்னு ஓடி நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோ மாமா?" என்று கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது.

என் மனைவி கட்சி வேறு. "இறக்கி விடுங்க. ரெண்டு நாள் அழுவா, மூணாம் நாள் தானா ஓடுவா." எனக்கு அதில் சம்மதமில்லை. பயந்த இடத்துக்குக் குழந்தை ஆசையாய்த் திரும்பப் போகுமா? மின்வாரியத்தில் காலமெல்லாம் கணக்கு எழுதியவன் ஆயிற்றே, ஒரு பழைய டைரியை எடுத்து நாள்வாரியாகத் திட்டம் போட்டேன். வீடே சிரித்தது.

முதல் இரண்டு நாள் விளையாட்டே இல்லை, சோதனைதான். மதிலோரம் அரளி இருந்தது, அந்தப் பக்கம் தடுப்பு வைத்தேன். பிள்ளையார் சதுர்த்திக்குக் கண் வைக்க எடுத்து வைத்திருந்த குண்டுமணி பீரோவுக்குள் போனது. பார்க்க அழகு, கடித்து விழுங்கினால் விஷம். புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை எதுவும் கைக்கு எட்டக் கூடாது. மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது. வாளித் தண்ணீரில் எனக்கு எப்போதும் பயம் உண்டு. அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே குழந்தைக்கு ஆபத்து. விளையாட்டு முடிந்ததும் செடிக்கு ஊற்றிவிடுவேன். ஃபோனை உள்ளே வைத்துவிட்டுத்தான் வந்து உட்காருவேன். இன்னொன்று: கொல்லைச் செடியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், வரவேற்பறையில் அழகுக்கு வைக்கும் டிஃபன்பேக்கியாவைக் கவனிப்பதில்லை. அந்த இலையைக் கடித்தால் வாயெல்லாம் எரிந்து வீங்கும்.

பிறகு வாசனையில் ஆரம்பித்தேன். திண்ணையில், என் மடியில்தான். ஒரு நாள் துளசி, ஒரு நாள் கறிவேப்பிலை, ஒரு நாள் கற்பூரவல்லி. நான் கசக்கி மோந்து பார்ப்பேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாலாம் நாள் அவளே ஒரு இலையைப் பிய்த்து என் மூக்கில் திணித்தாள்.

ஒட்டுவதுதானே அவளுக்குப் பிடிக்கவில்லை? ஒட்டாத ஈரம் ஒன்றைத் தேடினேன். பூக்கடையில் தாமரை இலை வாங்கி வந்து ஒரு கரண்டி தண்ணீர் விட்டேன். இலையை ஆட்டினால் முத்து முத்தாக ஓடுகிறது, சேர்கிறது, பிரிகிறது. அன்று முக்கால் மணி நேரம் வேறு எதையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும், இன்னும்" என்று கரண்டியை நீட்டிக்கொண்டே இருந்தாள். உடை நனைந்தும் அழவில்லை.

அதற்குப் பிறகு காய்ந்த மணல். கட்டட வேலையில் மிஞ்சியதைச் சலித்து, வெயிலில் காயவைத்து, அகலத் தாம்பாளத்தில் கொட்டி, ஒரு கொட்டாங்குச்சி, ஒரு மரக்கரண்டி. இரவில் மூடி வைக்காவிட்டால் பூனை வந்துவிடும். கையால் தொடமாட்டாள், கரண்டியால் அள்ளி ஊற்றுவாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். குழந்தை தன் கையால் தானே செய்து பழகட்டும், பெரியவர்கள் குறுக்கே போகவேண்டாம் என்பதுதான் அவர் வழி. கேட்க எளிது. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தாத்தாக்களுக்குத்தான் தெரியும்.

பதினைந்தாம் நாளோ என்னவோ, காலையில் மனைவி வாசல் தெளித்து அரிசி மாவில் கோலம் போட்டாள். சற்று நேரத்தில் எறும்புகள் வரிசையாக வந்து மாவைத் தூக்க ஆரம்பித்தன. பேத்தி படியில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு படி இறங்கினாள். எறும்பு நகர, இவளும் நகர்ந்தாள். இரண்டு வெறுங்காலும் ஈர மண்ணில். குனிந்து காலைப் பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்ப்பதுபோல் இருந்தேன். மறுபடியும் எறும்பின் பின்னால் போய்விட்டாள். கதவருகே நின்ற மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க டைரியில கோலம் இருக்கா?" என்றாள் மனைவி. இல்லைதான்.

இப்போது பெங்களூர் பால்கனியில் ஒரு தட்டில் மண் போட்டு வெந்தயம் விதைத்திருக்கிறார்கள். மூன்று நாலு நாளில் முளைத்துவிடுவதால் குழந்தைக்கும் பொறுமை இருக்கிறது. நேற்று வீடியோ காலில் மண் கையை ஃபோன் முழுக்க அப்பிக் காட்டினாள். புல்லில் மட்டும் இன்னும் கால் வைக்கமாட்டேன் என்கிறாளாம். பங்குனியில் வருகிறார்கள்.